தாட்சாயணி தின்ற லேகியம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், புத்தூருக்குக் கிழக்கே கல்லேரிப்பாளையத்தில் தாட்சாயணி என்கிற பெண் தன் நரை போக வேண்டும் என்று தின்ற லேகியம், அவள் தலையில் வேலை செய்யாமல், ரயிலில் இருபது மைல் தள்ளித் திருத்தணிக்குப் பக்கத்து எலுமிச்சங்குப்பத்தில் கல்யாணத் தரகு பார்த்துக்கொண்டிருந்த கோவர்த்தனனின் தலையில் வேலை செய்தது. முதலில் காதோரம் மயிர்க்கால்கள் கறுத்தன. அப்புறம் பிடரி, அப்புறம் உச்சி. அந்த வருஷம் ஆடிப்பட்டத்து வேர்க்கடலை நன்றாக முளைத்திருந்தது. மழையும் குறையில்லை.

கோவர்த்தனனுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அதை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பதினேழில் நரைக்கத் தொடங்கி இருபதில் தும்பைப்பூவாக வெளுத்துப்போன தலை அவனுடையது. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்துக் காலராவில் போய்விட, இரண்டு காணி மேட்டு நிலத்தை வைத்துக்கொண்டு ஒண்டிக்கட்டையாகக் கிடந்தவனை அந்தத் தலைதான் தொழிலில் இறக்கியது. நகரி சந்தையில் ஒருநாள் சும்மா நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கும்பிட்டு, பெரியவரே, எங்கள் பெண்ணுக்கு உங்கள் பக்கம் ஏதாவது நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். இவனும் சிறிது நேரம் யோசித்து ஒரு இடம் சொன்னான். அந்தக் கல்யாணம் நடந்தது, பெண்ணும் நன்றாக இருந்தாள். அதற்கப்புறம் அவனைத் தேடிக்கொண்டு எலுமிச்சங்குப்பத்துக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கோவர்த்தனன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவன் போய் உட்கார்ந்தால் போதும், மீதியைத் தலை பார்த்துக்கொண்டது. வயதுக்கு வந்த பெண்கள் இருக்கிற வீட்டில் அவன் சமையலறை வாசல்வரை போவான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அறுபது வயதுக்காரர்கள்கூட அவனைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டினார்கள்.

காலமும் அவனுக்குத் தோதாகத்தான் இருந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லை எங்கே என்று மட்டும் முடிவாகவில்லை. திருத்தணி இங்கே வரும், சத்தியவேடு அங்கே போகும், புத்தூர் நடுவில் கிழியும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு பெண்ணை இன்றைக்குக் கட்டிக்கொடுத்து, நாளைக்கு அவள் ஊர் வேறு ராஜ்யத்துக்குப் போய்விட்டால், தீபாவளிச் சீரை எந்த வழியாக அனுப்புவது என்று தகப்பன்மார்கள் கவலைப்பட்டார்கள். நிச்சயமான கல்யாணங்களே தள்ளிப்போயின. அப்பேர்ப்பட்ட நேரத்தில் ஒரு வெள்ளைத் தலை வந்து, எந்த ராஜ்யமானாலும் ரயில் நிற்கிற ஊரில்தானே நிற்கப்போகிறது என்று மெதுவாகச் சொன்னால், அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. கோவர்த்தனன் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாற்பது கல்யாணம் முடித்தான்.

முடிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, தாட்சாயணியினுடையது. கல்லேரிப்பாளையத்துச் சின்னசாமிக்கும் ரத்தினம்மாவுக்கும் அவள் ஒரே பெண். பதினாறு வயதில் வகிட்டில் ஒரு வெள்ளை மயிர் தெரிந்தது. பத்தொன்பதில் தலை முழுக்கப் பஞ்சு. எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவதற்குப் பட்டணத்திலிருந்து புத்தூருக்கு ஆட்கள் வந்து குவிகிறார்கள், நரைக்கு ஒரு கட்டு இந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லையே என்று ரத்தினம்மா அங்கலாய்ப்பாள். கோவர்த்தனன் மூன்று வருஷத்தில் நான்கு மாப்பிள்ளைகளை அழைத்து வந்தான். முதல் மாப்பிள்ளையின் தாயார், காபித் தட்டோடு வந்த தாட்சாயணியைப் பார்த்து, உட்காருங்கம்மா, பொண்ணை வரச் சொல்லுங்க என்றாள். ரத்தினம்மா உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தாட்சாயணி அழவில்லை. காபி ஆறிப்போகும், முதலில் குடியுங்கள் என்று சொல்லித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்படிப்பட்ட பெண் அவள்.

அவளிடம் வேறொரு கேடும் இருந்தது. உடம்பில் ரத்தம் இல்லை. கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைப்பாள். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, மாடிப்படி இல்லாத ஊரிலேயே அவளுக்கு மூச்சு வாங்கும். சர்க்கார் மருத்துவச்சி பொன்னியம்மா மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து, அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, பால்பவுடரும் மீனெண்ணெய் மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்துவிட்டுப் போவாள். வீட்டில் எல்லோரும் பார்த்தது நரையை. மூச்சு வாங்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும்போது அவள் நின்றுகொண்டுதானே இருக்கிறாள் என்று.

ஊரே பெரியவரே என்று அழைத்த கோவர்த்தனனை அவள் மட்டும் அப்படி அழைத்ததில்லை. எப்படியும் அழைத்ததில்லை. மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். காரணம், அவன் முதல் தடவை அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறடி வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டினான். தாண்டிவிட்டு, வீடு தெரிந்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, நடையைப் பெரிய மனுஷன் நடையாக மாற்றிக்கொண்டான். அந்தக் காலுக்கு எத்தனை வயது என்று தாட்சாயணிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது மாப்பிள்ளையும் போன பிறகு, சின்னசாமி பெண்ணைத் திருப்பதிக்கு அழைத்துப்போனார். கோவிந்தராஜ சுவாமி கோயில் மாடவீதியில் வெங்கடராகவன் என்றொரு வைத்தியர் இருந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். காலையில் சன்னதி, மதியத்துக்கு மேல் மருந்து. கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், கறிவேப்பிலை, அயச்செந்தூரம் எல்லாம் சேர்த்துக் கிளறிய லேகியம் ஒன்று கொடுத்து, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், புளியும் கருவாடும் அகத்தியும் கூடாது என்றார். ஆடி மூன்றாம் தேதி தாட்சாயணி நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டாள். மறுநாள் எலுமிச்சங்குப்பத்தில் கோவர்த்தனனுக்குக் காதோரம் அரித்தது.

லேகியம் மட்டும் இல்லை. பால்பவுடரும் மீனெண்ணெயும் டானிக்கும்கூட அந்த ஆடியிலிருந்து அதே வழியில் போயின. அவள் தின்ற சோறும் கீரையும் அவளிடமே நின்றன. டப்பாவிலும் புட்டியிலும் வந்ததெல்லாம் ரயிலேறாமல் திருத்தணி போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் கோவர்த்தனனுக்குக் கன்னம் உப்பியது, தோள் திரண்டது, நகம் பளபளத்தது. தாட்சாயணிக்கு வளையல் முழங்கைவரை ஏறியது.

ஒரு மனிதன் இளமையாவதில் இத்தனை சங்கடம் இருக்கும் என்று கோவர்த்தனன் நினைத்ததில்லை. வெள்ளை மயிரின் அடியில் விரற்கடை கறுப்பு ஏறியதும் மக்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். தரகர் மை பூசுகிறார், என்னவோ ஆசை வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பெண் இருக்கிற வீட்டில் அவனை வாசலோடு நிறுத்தினார்கள். நேற்றுவரை மோர் கொண்டுவந்த பெண்களுக்குப் பதிலாக அவர்களின் அண்ணன்மார்கள் மோர் கொண்டுவந்தார்கள், அதையும் முறைத்துக்கொண்டே கொடுத்தார்கள். மூன்று சம்பந்தங்கள் கைநழுவின. கோவர்த்தனன் யோசித்துப் பார்த்து, இந்தப் பக்கத்து மனிதர்கள் கஷ்டம் வந்தால் செய்கிற காரியத்தைச் செய்தான். புரட்டாசி சனிக்கிழமை திருமலைக்கு நடந்து ஏறி மொட்டை போட்டுக்கொண்டான். மொட்டைக்கு நிறம் கிடையாது, மொட்டைத் தலையனை யாரும் வயது கேட்பதில்லை, பக்திமான் என்று இன்னும் இரண்டு வீடு கூடுதலாகக் கூப்பிடும் என்று அவன் கணக்கு. ஆனால் நுனியில் மிச்சமிருந்த வெள்ளையையெல்லாம் சுவாமிக்குக் கொடுத்துவிட்டு, அடியில் இருந்த கறுப்போடு மலை இறங்குகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஐப்பசியில் முளைத்த முடி அட்டைக் கறுப்பாக முளைத்தது. ஊரில் அவனைப் பெரியவரே என்று கூப்பிட்ட கிழவர் ஒருவர், டேய் தம்பி, நீ யார் வீட்டுப் பையன் என்று கேட்டார். கோவர்த்தனன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தை மாதம் அவன் திருப்பதி வைத்தியர் வீட்டுப் படியேறினான். தலையை வெளுக்க வைக்க மருந்து கேட்டு வந்த முதல் ஆள் அவன்தான் என்று வெங்கடராகவன் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அவர் அவனை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மொட்டைக்குப் பின் வளர்ந்த கறுப்பு முடியின் நடுவே, தலையைச் சுற்றிலும், ஒரு நெல்லின் அகலத்துக்கு வெள்ளை வளையம் ஓடியது. வளையத்துக்கு மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. பத்துப் பதினோரு நாள் வளர்ச்சி என்று விரலால் அளந்து சொன்னார். பிறகு, யார் எப்போது மருந்து தொடங்கினார்கள், யார் எந்த நாளில் பத்தியம் முறித்தார்கள் என்று எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினார். ஆடி மூன்றாம் தேதி தொடங்கி, ஒரு மண்டலம் போதாமல் தொடர்ந்து, மூன்றாவது மண்டலத்தில், தீபாவளிக்கு மறுநாள் ஆசை அடங்காமல் கருவாட்டுக் குழம்பு தின்றுவிட்டு, பதினோரு நாள் மருந்தை நிறுத்தியதாக ஒப்புக்கொண்ட பேர் ஒன்று அதில் இருந்தது.

"நீ ஒண்ணும் சாப்பிடலே. உனக்காக வேற யாரோ சாப்பிடறா" என்றார் வைத்தியர்.

கோவர்த்தனன் விழித்தான். வெங்கடராகவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பால் குடிக்கிற குழந்தைக்கு மாந்தம் என்றால் மருந்தும் பத்தியமும் தாய்க்குத்தானே, தாய் தின்றது பிள்ளைக்குச் சேருகிறதே, மருந்துக்கு வழி தெரியும், நடுவில் பால் இருந்தால் பால் வழியாகப் போகும், இல்லாவிட்டால் வேறு எது இருக்கிறதோ அதன் வழியாகப் போகும் என்று விளக்கினார். அந்த வேறு எது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கல்லேரிப்பாளையம் சின்னசாமி பெண் தாட்சாயணி என்று பேரைச் சொல்லிவிட்டு, கோயிலில் சாயரட்சைப் பூஜைக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் கோவர்த்தனன் ரயிலேறினான். ரேணிகுண்டா தாண்டி, புத்தூரில் இறங்கி, வயல் வழியாக நடக்கிறவரைக்கும் அவனுக்கு நல்ல கோபம் இருந்தது. பிழைப்பைக் கெடுத்துவிட்டாள், நாற்பது கல்யாணம் முடித்தவனை வாசலில் நிற்க வைத்துவிட்டாள். கிணற்றடிக்கு வந்தபோது தாட்சாயணி ஒரு குடத்தை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். மூச்சு வரவில்லை. வெள்ளைத் தலை, வெள்ளை உதடு, காது மடல்கூட வெள்ளை. கோவர்த்தனன் தன் உப்பிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஒருத்தி வாயிலிருந்து பிடுங்கித் தின்றவனுக்கு வருகிற வெட்கம் அது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனான்.

வைத்தியர் சொன்னதைச் சின்னசாமியிடமும் ரத்தினம்மாவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னான், மயிரைப் பிரித்து வளையத்தையும் காட்டினான். சின்னசாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை, டானிக் புட்டி காலியாவதும் பெண் இளைப்பதும் அவர் கண்ணெதிரே நடந்தது. ரத்தினம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "ஆறு மாசமா புளி இல்லாம, கருவாடு இல்லாம நாக்கு செத்துத் துன்னுது எம்பொண்ணு. கறுப்பு மட்டும் ஊரான் தலைக்கா?" என்றாள். பிறகு சட்டென்று ஏதோ புரிந்து, வாயை மூடிக்கொண்டு மகளைப் பார்த்தாள். சின்னசாமியும் பார்த்தார். வேறொரு பெண்ணாக இருந்தால் முகம் சிவந்திருக்கும், தாட்சாயணிக்குச் சிவக்க ரத்தம் இல்லை. லேகியத்தை நாக்கில் வைக்கும்போது என்ன நினைத்தாயடி என்று தாய் கேட்டதற்கு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒளிக்காமல் பதில் சொன்னாள். இவருக்குத் தலை மட்டும் கறுப்பாக இருந்தால், மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு வராமல் மாப்பிள்ளையாகவே வந்திருப்பாரே என்று நினைத்தாளாம். ஒரு தடவை நினைத்தது, அப்புறம் தினமும் அதுவே வந்ததாம். நாளையிலிருந்து தின்னவில்லை, அவர் பிழைப்பு போக வேண்டாம் என்றும் சொன்னாள்.

நாற்பது கல்யாணம் பேசி முடித்த கோவர்த்தனன், அவள் இத்தனை நாள் தனக்காகத் தின்றாள், இனி அவளுக்காகத் தான் தின்கிறேன், பெண்ணைத் தனக்கே கொடுங்கள் என்று, தரகு பேசத் தெரியாதவன் மாதிரித் திக்கித் திக்கிக் கேட்டான்.

சின்னசாமி விவசாயி. விதையைப் போட்டு, முளைத்ததைப் பார்த்துத்தான் எதையும் நம்புகிறவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார். கோவர்த்தனன் ஒரு மண்டலம் பத்தியத்தோடு லேகியம் தின்ன வேண்டும். பெண்ணின் தலையில் ஒரே ஒரு மயிர்க்கால் கறுத்தாலும் போதும், பெண் அவனுக்கு. கறுக்காவிட்டால், ரேணிகுண்டா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவன், மூத்த தாரம் இழந்தவன், நரையானாலும் பரவாயில்லை என்று ஆள் அனுப்பியிருக்கிறான், அவனுக்கு. பெண் நினைத்தது அவன் தலைக்குப் போய்ச் சேர்ந்தது, அவன் நினைப்பும் இங்கே வந்து சேருகிறதா என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

வைத்தியர் லேகியத்தைக் கொடுத்து, தின்னும்போது அந்தப் பெண்ணின் குறையை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும், அது முக்கியம் என்று சொல்லி அனுப்பினார். எலுமிச்சங்குப்பத்தில் ஒண்டிக்கட்டை ஒருவன் புளியில்லாமல் பத்தியச் சோறு வடித்துத் தின்பதைப் பார்த்து, என்ன பிள்ளை பெற்றாய், ஆணா பெண்ணா என்று கேலி செய்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. பொன்னியம்மா தாட்சாயணிக்குக் கொடுத்த பால்பவுடரும் மீனெண்ணெயும் டானிக்கும் இப்போது சின்னசாமி கையோடு வாரம் ஒருமுறை ரயிலில் அவனிடம் வந்தன. மீனெண்ணெயின் வாடை அவனுக்கு ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். தாட்சாயணி சொன்னபடி எதையும் தொடவில்லை. அவன் தலையில் அடிமுடி மறுபடி வெளுக்க ஆரம்பித்தது. பழைய வீடுகளிலிருந்து பழையபடி கூப்பிட்டனுப்பினார்கள். அவன் போகவில்லை.

பங்குனியில் நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. கோவர்த்தனன் காலையிலேயே கல்லேரிப்பாளையம் வந்துவிட்டான். அம்மை குத்துவதற்காக ஊருக்கு வந்திருந்த பொன்னியம்மாவும், விஷயம் தெரிந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். ரத்தினம்மா மகளை முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, ஈர்கொல்லிச் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துக் காட்ட, சின்னசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நெற்றியிலிருந்து பிடரிவரை, காதிலிருந்து காதுவரை பார்த்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தார். அடியோடு அடி வெள்ளை. ஒரு கறுப்பு இல்லை. சின்னசாமிக்கும் அது சந்தோஷம் இல்லை, அவனை அவருக்குப் பிடித்துத்தான் போயிருந்தது. ஆனால் சொன்ன வாக்கு வாக்கு. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ரேணிகுண்டாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

தாட்சாயணி எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள். நான்கு மாப்பிள்ளைகள் போனபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"மருந்து வரலைன்னா மனசு வரலைன்னுதானே அர்த்தம். என்கிட்டேருந்து உங்களுக்கு வந்தது, உங்ககிட்டேருந்து எனக்கு வரலை. அவ்ளோதான். நீங்க போங்க."

சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு தவலையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். கோவர்த்தனனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது, அது என்னவென்று அவனுக்கே பிடிபடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான். அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், கையில் தவலை, இரண்டும் ததும்பத் ததும்ப. வரப்பில் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. கோபத்தில் விறுவிறுவென்று வந்து, இரண்டையும் முற்றத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

ரத்தினம்மாதான் முதலில் பார்த்தாள். இந்தப் பெண் எப்போதிலிருந்து இரண்டு பாத்திரம் தூக்குகிறது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நாற்பத்தெட்டு நாளாக அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னியம்மா எழுந்து வந்து, தாட்சாயணியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே மாதுளை முத்துப்போல் சிவப்பு. நகத்தை அழுத்திப் பார்த்தாள், அழுத்திய இடத்தில் ரத்தம் ஓடி வந்து நின்றது. இரண்டு வருஷமாகச் சர்க்கார் டானிக் செய்யாததை ஒரு மண்டலம் செய்திருந்தது. இந்தப் பெண் வாயில் எதையாவது போட்டாளா என்று கேட்டாள். இல்லை என்றாள் ரத்தினம்மா, சோறும் ரசமும் தவிர எதுவும் இல்லை. பொன்னியம்மா திரும்பிக் கோவர்த்தனனைப் பார்த்தாள்.

மருந்து வந்திருக்கிறது, பின்னே ஏன் தலைக்கு வரவில்லை என்று சின்னசாமி கேட்டார். அப்போதுதான் கோவர்த்தனனுக்குத் தான் சொல்ல நினைத்தது என்னவென்று தெரிந்தது.

"துன்னும்போது கொறையை நெனைச்சுக்கோன்னாரு வைத்தியரு. நானும் தெனம் கண்ண மூடிக்கினு நெனைச்சேன். கெணத்தாண்ட கொடத்த எறக்கி வச்சிட்டு மூச்சு வாங்கிக்கினு நின்னுதே, அதான் வந்துது. நரையை நெனைக்கணும்னு எவ்வளவோ பாத்தேன் நைனா. அது எனக்குக் கொறையாவே தோணல."

சின்னசாமியை அவன் அப்பா ஸ்தானத்தில் வைத்து நைனா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் தாட்சாயணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் முகம் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய ரத்தம் இப்போது அவளிடம் இருந்தது.

வைகாசியில் கல்யாணம். எல்லை முடிவாகட்டும் என்று ஒரு சித்தப்பா இழுத்ததற்கு, எந்த ராஜ்யமானாலும் ரயில் நிற்கிற ஊரில்தானே நிற்கும் என்று பெண்ணே பதில் சொன்னாள். வெள்ளைத் தலையோடு பெண்ணும், அதற்குள் மறுபடி வெளுத்துப்போன தலையோடு மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, யாருக்கு அறுபதாம் கல்யாணம் என்று வழிப்போக்கர்கள் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எலுமிச்சங்குப்பத்தில் குடித்தனம் வைத்த மறுநாளிலிருந்து தாட்சாயணி லேகியத்தை மறுபடி தொடங்கினாள், அவனுக்கு. அவன் டானிக்கைத் தொடங்கினான், அவளுக்கு. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொன்றை, ஒருத்தருக்காக ஒருத்தர் விழுங்கினார்கள். அவனுக்கு முடி கறுத்தது. கல்யாணமானவன் என்பதால் கறுத்த தலையையும் வீட்டுக்குள் விட்டார்கள், தரகு முன்னைவிட நன்றாக நடந்தது. பெண்ணுக்கு நரையா, அதைக் குறையாகவே பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று அவன் தைரியமாகச் சொன்னான். தேடியும் தந்தான்.

மூன்று வருஷம் கழித்து, மாசி மாதம், தலைப்பிரசவத்துக்குத் தாட்சாயணி தாய் வீட்டுக்கு வந்தாள். வரும்போது இரண்டு ஊரும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. அவள் அங்கே இருக்கும்போதே எல்லை முடிவாகி, ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. நகரிக்குக் கிழக்கே மூங்கில் தடுப்புப் போட்டு, அரிசி மூட்டையையும் வெல்லத்தையும் நிறுத்திச் சோதித்தார்கள். சென்னை ராஜ்யத்தில் கோவர்த்தனன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெயை யாரும் நிறுத்தவில்லை. அது ஒருநாள் தவறாமல் ஆந்திராவில் தாட்சாயணியிடம் வந்து சேர்ந்தது. சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் குறைவில்லை.

பொன்னியம்மா வயதாகி வேலையை விட்டுவிட, அவள் இடத்துக்குச் சித்தூரிலிருந்து மாற்றலாகி வந்த புது மருத்துவச்சி ஒருத்தி, பிரசவமான பெண்களின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாட்சாயணியின் காகிதத்தில், ரத்தம் போதும், இரும்புச் சத்து டானிக் தினம் இருவேளை, புருஷன் தின்கிறான் என்று பொன்னியம்மாவின் கையெழுத்தில் இருந்தது. புதியவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தாட்சாயணியின் இமையை இழுத்துப் பார்த்து, நகத்தை அழுத்திப் பார்த்து, அவரை நிறுத்தாமல் தின்னச் சொல்லும்மா, பால் கொடுக்கிற உடம்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.